சின்ன ட்ரம்பெட் செர்ரி

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் ட்ரம்பெட் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிடச் சிறிய ட்ரம்பெட்டை ஊதிப் புகழ் பெற்றவர் டான் செர்ரி. குழாயை இறுக்கிச் சுருட்டியிருப்பார்கள். நீளம் பெரியதற்குச் சமம், சுருதியும் அதேதான்.

செர்ரி அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1936-ஆம் ஆண்டு பிறந்தார். வேறொரு பள்ளியின் இசைக்குழுவில் வாசிக்கும் ஆசையில் தன் பள்ளிக்கு மட்டம் போட்டார். (நீங்கள் போடாதீர்கள்!) சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கிடைத்த நண்பர்தான் டிரம்ஸ் வாசிக்கும் பில்லி ஹிக்கின்ஸ்.

1959-இல் இருவரும் ஆர்னெட் கோல்மன் குழுவில் சேர்ந்து நியூயார்க்கில் வாசித்தார்கள். பியானோ கிடையாது. மெட்டை வாசித்ததும் அவரவர் கற்பனைப்படி போகலாம். நம் கற்பனை சுரம் மாதிரி. ஆனால் ராகக் கட்டுப்பாடும் இல்லை! 'ஃப்ரீ ஜாஸ்' என்று இதற்குப் பெயர். சிலர் கொண்டாடினார்கள். சிலரோ இது இசையே இல்லை என்று கேலி செய்தார்கள். செர்ரி விடவில்லை.

1965 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மூன்றே பேரைச் சேர்த்துக்கொண்டு 'கம்ப்ளீட் கம்யூனியன்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு மெட்டுகள், இடையில் நிறுத்தாமல் ஓடும். மற்றவர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் அடுத்த மெட்டுக்குச் சேர்ந்து தாவ முடியும்.

1970-களில் ஸ்வீடனில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் குடியிருந்து குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். இந்திய இசையும் கற்றார். நம் மும்பை தபலா கலைஞர் திரிலோக் குர்த்து அவருடன் வாசித்திருக்கிறார். 1995-இல் ஸ்பெயினில் செர்ரி காலமானபோது வயது 58.