பெரியாறு தந்த பென்னிகுயிக்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளி வையையாற்றை நம்பி வாழும் நிலமாகும். அவ்வாறு மழைக்காலத்தில் பெருகி ஓடும். கோடையில் மணற்பரப்பாகக் கிடக்கும். ஆதலின் நம் முன்னோர் அதன் இரு மருங்கிலும் கண்மாய்கள் பல அமைத்து, பெருகிய நீரைத் தேக்கிப் பயிர் செய்தனர். மழை பொய்த்த ஆண்டிலோ ஆறும் வறண்டது, கண்மாய்களும் வறண்டன, உழவர் கலங்கினர். ஆனால் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால், பெரியாறு என்னும் மற்றோர் ஆறு ஆண்டுதோறும் மிகுந்த வெள்ளத்தைச் சுமந்து சென்று அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. ஒருபுறம் பெருவெள்ளம், மறுபுறம் தீராத வறட்சி, நடுவே ஒரு மலை. அம்மலையைக் கடந்து அந்நீரை இந்நிலத்திற்குக் கொணர்ந்த பெருமகனார் கர்னல் ஜான் பென்னிகுயிக் ஆவார்.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஆங்கிலேயப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1849ஆம் ஆண்டு பஞ்சாபில் சிலியன்வாலா என்னும் இடத்தில் நிகழ்ந்த போரில் தந்தையாரும் தமையனார் ஒருவரும் ஒரே நாளில் மாண்டனர். அப்பொழுது பென்னிகுயிக்கிற்கு எட்டு வயது நிறைந்திருக்கவில்லை. அவர் இங்கிலாந்தில் கல்வி பயின்றார். ஆடிஸ்கூம் என்னும் ஊரிலிருந்த படைப்பயிற்சிக் கல்லூரியில் பொறியியல் கற்றார். பின்னர்ச் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். தந்தையார் போர்க்களத்தில் உயிர் நீத்த நாட்டில், மைந்தர் அணையும் வாய்க்காலும் அமைக்கும் தொழிலை மேற்கொண்டார்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுயிக்கிடம் முதன்முதல் தோன்றியதன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமத்தானத்தின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதனைக் கருதினார். பொருள் மிகுதியாக வேண்டியிருந்தமையால் அம்முயற்சி நின்றது. 1808ஆம் ஆண்டு மலையை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைத்தலைவர், இஃது இயலாத செயல் என்று அரசுக்குத் தெரிவித்தார். 1850ஆம் ஆண்டு சிறிய அணை ஒன்று கட்டத் தொடங்கினர்; காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சித் தொழிலாளர் அகலவே, அதுவும் கைவிடப்பட்டது. விருப்பம் இருந்தது, முயற்சியும் இருந்தது. ஆனால் செயல் முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை எண்ணிக் காட்டும் திட்டம் இல்லை.

1876ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு ஆண்டுகள் தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் உணவின்றியும் நோயுற்றும் மாண்டனர். பெரியாற்று நீரை இனியும் வீணே பார்த்துக்கொண்டிருத்தல் தகாது என்பதை அரசு உணர்ந்தது. 1882ஆம் ஆண்டு இத்திட்டத்தைப் புதிதாக வகுத்துச் செலவையும் கணித்துத் தரும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் கணிப்பொறி இல்லை. தாளும் எழுதுகோலும் அளவைக் கருவிகளுமே பொறியாளருக்குத் துணை. அவற்றைக் கொண்டு, இன்னும் கட்டப்படாத அணை ஒன்றையும், இன்னும் தோன்றாத ஏரி ஒன்றையும் அவர் தாளின்மேல் படைத்துக்காட்ட வேண்டியிருந்தது. விடை காண வேண்டிய வினாக்கள் பல. ஏறத்தாழ 240 சதுரமைல் பரப்புள்ள மலைக்காட்டில் பெய்யும் மழையில் எவ்வளவு ஆற்றை வந்தடையும்? அணையின் உயரம் ஓரடி கூடினால் ஏரியில் எவ்வளவு நீர் கூடும்? பெருவெள்ளம் வருங்கால் மிகுநீர் எவ்வழியே வெளியேறும்? மலையை எந்த மட்டத்தில் குடைந்தால் நீர் தானே கிழக்கே இறங்கும்? இவ்வினாக்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்றன் விடை மாறினால் மற்றவற்றின் விடைகளும் மாறும். குகைவழியை உயர்த்தினால் குடையும் வேலை குறையும். ஆனால் அணையை உயர்த்த வேண்டும். அணையைத் தாழ்த்தினால் செலவு குறையும். ஆனால் கிடைக்கும் நீரும் குறையும். இவை அனைத்தையும் ஒருங்கே எண்ணி ஒரு முடிவு காண்பதே திட்டமிடுதல் எனப்படும்.

பென்னிகுயிக் கண்ட முடிவு வியக்கத்தக்கது. மேற்கு நோக்கி ஓடும் ஆற்றின் குறுக்கே 152 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கும் அணை ஒன்று எழுப்பவேண்டும். பின்னோக்கிப் பரவும் ஏரியின் கிழக்குக் கரையில் மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள குகைவழி அமைக்கவேண்டும். 104 அடிக்கு மேல் நிற்கும் நீரே அவ்வழியில் புகும். அதற்குக் கீழுள்ள நீர் ஏரியிலேயே தங்கிவிடும். அந்த 104 அடி நீரும் ஆற்றைத் தூக்கி நிறுத்தும் படியைப் போன்றது. அதன்மேல் நிற்கும் 48 அடி நீருக்காகவே அவ்வளவு பெரிய அணை வேண்டியதாயிற்று.

நீரின் அழுத்தம் ஆழம் செல்லச் செல்ல மிகும். ஆதலின் அணையின் அடி அகன்றும் முடி குறுகியும் இருத்தல் வேண்டும். தன் எடையினாலேயே வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் வகையில் அவ்வணை வகுக்கப்பட்டது. முன்னோர் சிலர் மண்ணணை போதும் எனக் கருதியிருந்தனர். பென்னிகுயிக்கோ கல்லும், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தும் கொண்ட அணையே தக்கது எனத் துணிந்தார். அடித்தளத்திலிருந்து அதன் உயரம் 176 அடி; நீளம் 1,200 அடி.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. எனவே 1886ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகத் தரப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஐந்து ரூபாய் குத்தகைப் பணம் எனவும் வரையறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது.

தாளில் முடிந்த அணையை ஆற்றில் முடிப்பது எளிதாக இருக்கவில்லை. அடர்ந்த காடு, யானையும் பிற விலங்குகளும் உலவும் இடம், உணவும் கருவியும் மலையேறி வரவேண்டும். ஆற்றின் நடுவே அடித்தளம் இடுவதற்காக எழுப்பிய தற்காலிகக் கரைகளைத் திடீர் வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. அதனினும் கொடியது காய்ச்சல். தொழிலாளரும் அலுவலரும் பலர் அந்நோய்க்கு இரையாயினர். அவர்களை அடக்கம் செய்த இடம் அணையின் அருகே இன்றும் உள்ளது. அணையின் எடையையும் நீரின் அளவையும் கணக்கால் அறியலாம். ஆனால் எந்த நாளில் வெள்ளம் வரும், யார் யார் காய்ச்சலில் வீழ்வர் என்பதைக் கணக்கு கூறாது. கணக்கு முடியுமிடத்தில் மன உறுதி தொடங்கவேண்டும். பென்னிகுயிக் ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் எஞ்சியதை ஆராய்ந்து, முறையை மாற்றி, மீண்டும் தொடங்கினார். சமவெளியிலிருந்து சென்று கல் சுமந்த எளிய மக்களின் உழைப்பும் அவருடைய உறுதியும் இணைந்தே அணையாக உயர்ந்தன.

1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே சென்றுகொண்டிருந்த நீர் மலையின் வயிற்றினுள் புகுந்து, கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வையையில் கலந்தது. பேரணை என்னும் இடத்திலிருந்து பிரிந்த வாய்க்கால் மதுரைக்கு வடக்கேயுள்ள ஊர்களையும் மேலூர்ப் பகுதியையும் செழிக்கச் செய்தது. வானம் பார்த்த நிலங்களில் நெல் விளைந்தது.

பென்னிகுயிக் 1896ஆம் ஆண்டு இந்தியாவை விட்டுச் சென்றார். இங்கிலாந்தில் கூப்பர்சு ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். தம் அனுபவத்தைக் கட்டுரையாக்கி, பொறியாளர் கழகத்தின் பாராட்டைப் பெற்றார். ஆஸ்திரேலியாவில் பிரிசுபேன் நகரின் வெள்ளத்தைத் தடுக்கும் வழி குறித்தும் ஆலோசனை வழங்கினார். 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் கேம்பர்லி என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவர் வகுத்த திட்டத்தில் நீர்ப்பாசனமே நோக்கமாக இருந்தது. ஆனால் குகைவழியைக் கடந்த நீர் ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கியது. அவ்வாறு வீழும் நீரில் மின்சாரம் மறைந்திருந்தது. உடன்படிக்கை எழுதப்பட்ட 1886ஆம் ஆண்டில் மின்விளக்கே உலகிற்குப் புதியது. ஆதலின் மின்சாரத்தைப் பற்றிய தெளிவான சொல் அதில் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் சென்னை அரசு அந்நீரால் மின்சாரம் எடுக்க விரும்பியபோது, திருவிதாங்கூர் அரசு மறுத்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. நீர் பாசனத்திற்கே உரியது என 1941ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் இரு மாநிலங்களும் இணங்கின. கீழ்முகாம் என்று நாம் அழைக்கும் லோயர் கேம்பில் நீர்மின் நிலையம் எழுந்தது. 1958ஆம் ஆண்டு முதல் 1965ஆம் ஆண்டுக்குள் 35 மெகாவாட் ஆற்றலுள்ள நான்கு பொறிகள் அங்கு இயங்கத் தொடங்கின. 1970ஆம் ஆண்டு செய்த புதிய உடன்படிக்கை அதனை முறைப்படுத்தியது. ஆற்றையும் மலையையும் அளந்த பெரும்பொறியாளரும் எதிர்காலத்தின் தேவைகள் அனைத்தையும் அளந்துவிட முடிவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மின்சாரத்தைப் பரப்புவோரும் பென்னிகுயிக் சென்ற நெறியிலேயே செல்லவேண்டியவராயினர். அமெரிக்காவில் எடிசன் 1882ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரின் ஒரு பகுதிக்கு மின்னொளி வழங்கினார். தெருவைத் தோண்டுவதற்கு முன்பே, அத்தெருக்களின் கம்பிவலையைச் சிறிய உருவில் தம் ஆய்வுக்கூடத்தில் அமைக்கச் செய்து, மின்னோட்டம் எங்கு எவ்வளவு செல்லும் என்று சோதித்தறிந்தார். 1930ஆம் ஆண்டை ஒட்டி மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், பெரிய மின்வலை ஒன்றையே ஓர் அறைக்குள் ஒப்புருவாக அமைக்கும் கருவி தோன்றியது. 1950க்குப் பின் அவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றது. கம்பியும் மின்னோட்டமும் அதில் எண்களாக மாறின.

இன்று மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலும் மலையடிவாரத்திலும் மின்சாரம் பல வழிகளில் பிறக்கின்றது. பெரியாற்று நீர் பொறிகளைச் சுழற்றுகின்றது. தேனிப் பகுதியில் காற்றாலைகள் சுழல்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் ஆற்றலுள்ள கதிரொளி மின் நிலையம் எழுந்தது. நீர் மழையைப் பொறுத்தது. காற்று பருவத்தைப் பொறுத்தது. கதிரவனோ மாலையில் மறைவான். வீடுகளில் விளக்கு எரிவது அம்மாலை வேளையில்தான். மின்சாரத்தை நீரைப்போல் எளிதாகத் தேக்கிவைத்தலும் இயலாது; எவ்வளவு செலவாகின்றதோ அவ்வளவு அந்நொடியிலேயே பிறக்கவேண்டும். ஆகவே திட்டமிடுவோர் மின்வலை முழுவதையும் கணிப்பொறியில் அமைத்துக்கொள்கின்றனர். ஒரு பெருங்கம்பி அறுந்தால் அதன் சுமையை எக்கம்பிகள் ஏற்கும், பருவமழை பொய்த்தால் எந்த நிலையம் கைகொடுக்கும், இன்னும் பத்தாண்டில் தேவை எவ்வளவு உயரும் என்றெல்லாம் அதனிடம் வினவுகின்றனர். ஊர் இருளில் மூழ்காமலே, கணிப்பொறியில் மட்டும் ஆயிரம்முறை இருளை உண்டாக்கி, அதனை நீக்கும் வழியை முன்னரே கண்டறிகின்றனர்.

எனினும் கணிப்பொறி தானே எதனையும் அறியாது. தவறான அளவைக் கொடுத்தால் தவறான விடையையே விரைவாகத் தரும். மலையேறிச் சென்று மழையையும் மண்ணையும் அளப்பவரும், மக்களின் தேவையை உணர்பவரும் வேண்டும். தாளில் நேரும் பிழையை அழித்து எழுதலாம். ஆற்றிலும் மின்கம்பியிலும் நேரும் பிழைக்கு உயிர்களே விலையாகும். ஆதலால்தான் வள்ளுவப் பெருந்தகை தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார்.

கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் பென்னிகுயிக்கின் படத்தைத் தம் இல்லங்களில் வைத்துப் போற்றுகின்றனர். தம் மக்களுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். அவர் பிறந்த நாள் பொங்கல் திருநாளை ஒட்டி வருவதால், அந்நாளில் அவர் நினைவாகப் பொங்கலிடுகின்றனர். 2013ஆம் ஆண்டு லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அவருக்கு நினைவு மண்டபம் அமைத்தது. மண்டபம் உள்ள அதே ஊரில்தான் பெரியாற்று நீர் மின்னாற்றலைத் தந்துவிட்டு வயலை நோக்கிச் செல்கின்றது. செயலை முதலில் அறிவால் முடித்துப் பார்த்து, பின்னர் உறுதியால் நிறைவேற்றியவருக்கு அந்நீரினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.