ஆண்களின் கருவளமும் வைட்டமின் ஈ-யும்: எலிக்கூண்டில் விடை தேடிய ஹெர்பர்ட் எவன்ஸ்

ஆண்களின் கருவளத்துக்கு என்று விற்கப்படும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் பலவற்றில் வைட்டமின் ஈ இருக்கும். அதன் கதை தொடங்கியது ஓர் எலிக்கூண்டில்!

யார் இந்த எவன்ஸ்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மொடெஸ்டோ என்ற ஊரில் 1882-ல் பிறந்தவர் ஹெர்பர்ட் மெக்லீன் எவன்ஸ். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்துவிட்டு, 1915-ல் பெர்க்லிக்கு உடற்கூறியல் பேராசிரியராகத் திரும்பினார்.

அங்கே அவரும் கேத்தரின் ஸ்காட் பிஷப்பும் எலிகளுக்கு அளந்து அளந்து உணவு கொடுத்தார்கள். எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. ஆனால் குட்டி மட்டும் பிறக்கவில்லை. கரு வயிற்றிலேயே அழிந்தது. லெட்யூஸ் கீரை கொடுத்ததும் குட்டிகள் பிறந்தன. கீரையில் ஏதோ இருக்கு! 1922-ல் இதை உலகுக்குச் சொன்னார்கள். அதுதான் வைட்டமின் ஈ.

ஆண் எலிக்கு என்ன ஆச்சு?

பெண் எலிக்கு வைட்டமின் கிடைத்தால் அடுத்த பிரசவம் சரியாகிவிடும். ஆண் எலிக்கோ விந்தகமே சிதைந்தது. முழுசா சிதைந்த பிறகு வைட்டமின் கொடுத்தும் பலன் இல்லை. ஆண் எலியின் மலட்டுத்தன்மை பற்றி எவன்ஸ் 1925-ல் எழுதினார். 1936-ல் அவரது குழு கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து இந்த வைட்டமினைப் பிரித்தெடுத்து, டோகோஃபெரால் என்று பெயரிட்டது. கிரேக்க மொழியில் பிள்ளைப்பேறு தருவது என்று பொருள்.

எப்படிக் காக்கிறது?

விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அதிகம். சிகரெட் புகை, காட்மியம், சில பூச்சிக்கொல்லிகள் உடலில் ஃப்ரீ ரேடிக்கல்களைப் பெருக்கும். கெட்டுப்போன கொழுப்பு மூலக்கூறு, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வைட்டமின் ஈ ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து இந்தத் தொடரை அறுக்கிறது.

அப்போ மாத்திரை போதுமா?

எவன்ஸ் 1971-ல் காலமானார். ஆறே ஆண்டுகளில், அவர் பிறந்த ஊருக்கு அருகே லாத்ராப்பில், மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி ரசாயனத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுவே இல்லை என்று தெரியவந்தது. வேலையை விட்ட பிறகும் சிலருக்கு அது மீளவில்லை. 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், கருவளக் குறைபாடுள்ள ஆண்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்தும் குழந்தைப்பேறு கூடவில்லை.

ஒரு விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். எனவே முதலில் புகையையும் விஷத்தையும் தள்ளி வைக்கணும். வேர்க்கடலையும் பாதாமும் சாப்பாட்டில் இருக்கட்டும். மாத்திரை வாங்கும் முன் விந்துப் பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை. பாதுகாப்பு முன்கூட்டியே வேணும் என்பதே அந்த ஆண் எலிகள் சொன்ன பாடம்.