காயத்தை மூடும் ரகசியம்: டாக்டர் சுப்பாராவ் கண்ட பொருள்

விருத்தாசலம் பீங்கான் நகரம். பொம்மையின் ஓரத்தைச் சீவும்போது கத்தி தவறித் தொழிலாளியின் விரலைக் கீறிவிடுகிறது. ரத்தம் கசிகிறது, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. அவரும் வேலையைத் தொடர்கிறார்.

ரத்தத்தை நிறுத்தியது எது? இதை அறிய உதவிய பொருளைக் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மனம் தளராமல் 1923-இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்து வயிறு வளர்த்தார்.

ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் ஆராய்ச்சி செய்தார். 1929-இல் இருவரும் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டார்.

ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. ஒன்று கழன்றால், இரண்டு பாஸ்பேட் கொண்ட பொருளாகிறது. ரத்தத்திலுள்ள நுண்ணிய தட்டணுக்கள் அதைச் சேமித்து வைத்திருக்கின்றன. காயம்பட்டதும் அவை அதை வெளியே விடுகின்றன. அந்த அழைப்பைக் கேட்டு மற்றத் தட்டணுக்களும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன! இந்த அழைப்புப் பொருள் எது என்பது 1961-இல் தெரியவந்தது.

தட்டணுவுக்குள் இருக்கும் நொதிகள் ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் சேர்த்து அவற்றை முடுக்கிவிடுகின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள வேறொரு நொதியோ அழைப்புப் பொருளையே உடைத்துவிடுகிறது. காயமில்லாத இடத்துக்கு அடைப்பு பரவாமல் காப்பது இதுதான். இந்தக் கட்டுப்பாடு தவறி இருதயக் குழாயில் அடைப்பு உண்டானால், மாரடைப்பு! அழைப்பைத் தட்டணுக்களின் காதில் விழாமல் தடுக்கும் மாத்திரைகள் இன்று உயிர் காக்கின்றன.

சுப்பாராவ் பின்னர் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்து, ஃபோலிக் அமிலம் முதலிய மருந்துகளின் ஆராய்ச்சியை நடத்தினார். மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர், 25 ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில் காலமானார். தட்டணுக்களின் அழைப்பு ரகசியம் வெளிப்பட்டபோது அவர் இல்லை. ஆனால் விரலில் கீறல் விழும் ஒவ்வொரு முறையும், அவர் கண்ட பொருள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.