அண்ணலின் அயல்நாட்டுக் கல்வியும் இன்றைய தடையும்

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1912இல் இளங்கலைப் பட்டம் பெற்ற பீமராவ் அம்பேத்கர், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையுடன் 1913 ஜூலையில் நியூயார்க் சென்றடைந்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கான உதவி அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், ஜான் டூயி ஆகியோரிடம் பயின்றார். இந்தியாவின் பொருளியல் வரலாற்றை ஆராய்ந்து 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு மே மாதம், மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் சாதியின் தோற்றம் குறித்துக் கட்டுரை அளித்து, அகமணமே அதன் அடிப்படை என்று நிறுவினார்.

லண்டனில் படிப்பைத் தொடர்ந்தபோது உதவித்தொகை நின்றது. 1917இல் நாடு திரும்பிப் பரோடாவில் பணியேற்றார். அமெரிக்கப் பட்டம் பெற்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. 1920இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை நிறைவு செய்தார். பின்னாளில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானபோது, பட்டியல் வகுப்பு மாணவர்களின் அயல்நாட்டுக் கல்விக்கு அரசு நிதியளிக்க வேண்டுமென வலியுறுத்தினார்.

1954-55இல் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஆனால் 2022இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளை அத்திட்டத்திலிருந்து விலக்கின. அவ்விதியின்படி அண்ணலின் கொலம்பியா ஆய்வுகளுக்கே உதவி கிடைத்திராது. ஆரணியின் பட்டுத் தறிகளுக்கிடையே வளரும் தலித் மாணவி ஒருவர், அத்தொழிலில் சாதிக்கும் கூலிக்கும் உள்ள உறவை அயல்நாட்டில் ஆராய விரும்பினாலும் அதே விதிதான் குறுக்கே நிற்கும். உதவித்தொகை தருவோர் கேள்வியையும் தாமே தேர்ந்தெடுப்பது உரிமை மறுப்பேயாகும்.