ஒரு படி சோளம்

புதுதில்லியில் கோல் மார்க்கெட்டை அடுத்து லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. ஆண் மருத்துவர்களை அணுகத் தயங்கி, சிகிச்சையின்றித் துன்புற்ற பெண்களுக்காக, இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்கும் நோக்கத்துடன் அது 1916-இல் தொடங்கப்பட்டது. அங்குப் பயின்று சேவைக்கே தம்மை அர்ப்பணித்தவர் டாக்டர் சுசீலா நய்யார்.

1914-இல் பஞ்சாபில் பிறந்த அவர், 1939-இல் காந்தியடிகளின் சேவாகிராம ஆசிரமத்தை அடைந்தார். விரைவிலேயே வார்தாவில் காலரா பரவியது. அந்த இளம் மருத்துவர் ஏறக்குறையத் தனியொருவராகவே நோயாளிகளைக் காத்தார். பின்னர் காந்தியடிகளின் மருத்துவரானார். 1942-இல் அவருடன் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார். 1944-இல் சேவாகிராமத்தில் அவர் தொடங்கிய சிறு மருந்தகம், கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

காந்தியடிகளின் மறைவுக்குப் பின் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்றார். அந்த அறிவை அயல்நாட்டிலேயே விட்டுவிடாமல் தாயகம் திரும்பி, ஃபரிதாபாத்தில் காசநோய் மருத்துவமனை அமைத்தார். 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சராகவும் விளங்கினார். பதவிக்குப் பின் அவர் நாடியது மீண்டும் கிராமத்தையே. காந்தி நூற்றாண்டான 1969-இல் சேவாகிராமத்தில் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். மாணவர்கள் கிராமங்களில் தங்கி, குடும்பங்களின் வாழ்வையும் நோயையும் நேரில் அறிவது அங்குக் கல்வியின் ஓர் அங்கமாயிற்று.

ஏழைகளுக்கு உதவுவதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டணம் கேட்டால் அவர்கள் மருத்துவமனைக்கே வரமாட்டார்கள். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தாலோ, பெறுபவர் தலைகுனிய நேரிடும். அம்மருத்துவமனை இதற்குக் கண்ட வழி மிக எளியது. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்காகச் சோளம் அளந்து தந்தது. நிலமற்றவர் குறைவாகவும், நிலமுடையவர் நிலத்தின் அளவுக்கேற்பக் கூடுதலாகவும் தந்தனர். ஊரின் ஏழைக் குடும்பங்களில் பெரும்பான்மையானவை சேர முன்வந்தால்தான் அவ்வூர் திட்டத்தில் ஏற்கப்பட்டது. அந்நிதியிலிருந்து கிராம சுகாதாரப் பணியாளருக்கு மருந்துகள் வழங்கப்பட்டன. எதிர்பாராது நோயுற்றவருக்கு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தது. இவ்வாறு கூலித் தொழிலாளியும் இரவலராக அல்லாமல் பங்குதாரராக மருத்துவமனைக்குள் நுழைந்தார்.

திருமணம் செய்துகொள்ளாமல் இறுதிவரை பணியாற்றிய சுசீலா நய்யார் 2001 ஜனவரி 3 அன்று மறைந்தார். பெறுபவரின் மானத்தைக் காத்து, அவரையும் கொடுப்பவராக உயர்த்துவதே உண்மையான தொண்டு. அவரது வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.