பங்கு மார்க்கெட் சூரர் லிவர்மோர்

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடியானவர் இருந்தார். 1877-ம் ஆண்டு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் பெயர் ஜெஸ்ஸி லிவர்மோர்.

பையன் கணக்கில் புலி. தகப்பனாரோ ஏர் பிடிக்கச் சொன்னார். தாயார் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பி வைத்தார். பையன் பாஸ்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்தான்.

பங்குத் தரகர் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. தந்தியில் வரும் விலைகளைக் கரும்பலகையில் எழுதவேண்டும். எழுதி எழுதி, விலை ஏறும் விதமும் இறங்கும் விதமும் அவனுக்கு அத்துப்படி ஆயிற்று.

உள்ளே வராதே!

அந்தக் காலத்தில் அங்கே பந்தயக் கடைகள் உண்டு. பங்கை வாங்கவேண்டாம். விலை ஏறுமா, இறங்குமா என்று பணம் கட்டினால் போதும். லிவர்மோர் ஓயாமல் ஜெயித்தான். கடைக்காரர்கள் அவனை உள்ளே விட மறுத்தார்கள்!

பிறகு நியூயார்க் போனார். 1907-ல் மார்க்கெட் சரிந்தது. சரியும் என்று முன்பே கணித்து, பங்குகளைக் கடன் வாங்கி விற்றிருந்தார் அவர். விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தார். ஒரே நாளில் 10 லட்சம் டாலர் லாபம் என்று சொல்வார்கள். அப்போது வயது 30.

அடுத்த ஆண்டே வந்தது வினை. பருத்தி நிபுணர் ஒருவரின் பேச்சில் மயங்கினார். நஷ்டம் தந்த பருத்தியை மேலும் மேலும் வாங்கினார். லாபம் தந்த கோதுமையை விற்றார். எது கூடாது என்று அவருக்கே தெரியுமோ, அதையே செய்தார்! சேர்த்ததெல்லாம் போயிற்று. 1915-ல் திவால் ஆனார்.

ஆறு வாரம்

ஒரு தரகர் இரக்கப்பட்டு 500 பங்கு மட்டும் வாங்க அனுமதித்தார். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. லிவர்மோர் அவசரப்படவில்லை. ஆறு வாரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பெத்லகேம் ஸ்டீல் பங்கு 100 டாலரை நெருங்கியது. அப்போதுதான் வாங்கினார். விலை தாண்டி ஏறிற்று. தமது கணக்கு சரி என்று தெரிந்த பிறகே இன்னொரு 500 வாங்கினார். முதலில் கொஞ்சம், லாபம் கண்டால் மேலும் கொஞ்சம், நஷ்டம் கண்டால் உடனே வெளியே. இதுதான் அவர் முறை.

மீண்டும் பணம் குவிந்தது. சட்டப்படி கொடுக்கவேண்டாத பழைய கடன்களையும் அடைத்தார். மனைவிக்கும் மகனுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கினார். தாமே கேட்டாலும் எடுக்க முடியாதபடி எழுதிவைத்தார். தம்மைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

1929 வீழ்ச்சியில் அவர் 10 கோடி டாலர் சம்பாதித்ததாக மதிப்பிடுகிறார்கள். ஐந்தே ஆண்டு! 1934-ல் மறுபடி திவால். கடன் 22 லட்சம் டாலருக்கு மேல். சொத்து 2 லட்சம்கூட இல்லை.

1940-ல் தமது முறைகளைப் புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு லாபத்திலும் பாதியை எடுத்துப் பெட்டகத்தில் பூட்டவேண்டும் என்பது அதில் ஒன்று. மனச்சோர்வு அவரை விடவில்லை. அதே ஆண்டு நவம்பர் 28-ம் தேதி, நியூயார்க் ஓட்டல் ஒன்றில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63.