பனியில் பழகிய கை

பார்க்டேலில், ஜேம்சன் அவெனியூத் தொடர்மாடிகளில் குடியிருந்தவர்களுக்கு ஜூலை மாதத்து அந்த இரைச்சல் மறக்காது. 1986இலிருந்து இண்டி கார்ப் பந்தயம் பக்கத்திலுள்ள எக்ஸிபிஷன் பிளேசில்தான் நடந்து வந்தது. பல்கனிக் கதவைச் சாத்தினாலும் காதுக்குள் வண்டு குடைவதுபோல இருக்கும். 2026இலிருந்து அதை மார்க்கத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். எங்கள் சனம் போன வழியேதான் பந்தயமும் போகிறது.

அந்தச் சத்தத்தோடு வளர்ந்த பெடியள் சிலர் இன்று வேகக் கார் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் இலத்திரனியல் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு நின்றுவிடும். வெறிச்சோடிய வாகனத் தரிப்பிடத்தில், புதுப் பனியில், அதை நிறுத்திவிட்டுக் கார் சுழற்றுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. அதே சறுக்கலைத் தொழிலாகப் படித்த ஒருவரின் கதையை அவர்கள் அறிந்திருந்தால் நல்லது. மொன்றியல் பந்தயத் திடலின் பெயராக மட்டுமே அவரை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்: ஜில் வில்னேவ்.

1950 ஜனவரி 18இல் கியூபெக்கில் பிறந்தவர். பெர்த்தியேவில் என்ற சிற்றூரில் வளர்ந்தார். கார்ப் பந்தயத்துக்கு வருமுன் பல குளிர்காலங்கள் பனியூர்திப் பந்தயம் ஓடினார். 1974இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்த உலகப் போட்டியிலும் வென்றார். பனியூர்திப் பந்தயத்தில் முன்னால் போகிறவருக்கு மட்டுமே பாதை தெரியும். பின்னால் வருபவர்களின் முகத்தில் பனித்தூள் அடிக்கும், கண் தெரியாது. பிடிமானமே இல்லாத நிலத்தில், ஊர்தி எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதை உடம்புதான் சொல்ல வேண்டும். காரைக் கையாளும் பழக்கம் தமக்கு அங்கேதான் வந்தது என்று பின்னாளில் அவரே கூறுவார். முப்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, முதல் பனியில் ஸ்ரியறிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஊர்ந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய படிப்பு என்று விளங்கும்.

1977 ஒக்ரோபரில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் மொஸ்போர்ட் திடலில், முதன்முறையாகப் பெராரி காரில் பந்தயத்துக்கு இறங்கினார். அடுத்த பந்தயம் யப்பானில். அங்கே இன்னொரு காரின் பின்னால் மோதி அவரது கார் மேலெழுந்து பறந்து, தடைசெய்யப்பட்ட இடத்தில் நின்ற இருவரைக் கொன்றது. அவரை வீரராக மட்டும் எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 1979இல் நெதர்லாந்தில் ரயர் வெடித்த காரை மூன்று சில்லில் இழுத்து வந்ததும் எல்லோரும் சொல்லும் கதைதான். எங்களுக்கு அது வீரமாகத் தெரியவில்லை.

அவருடைய உண்மையான திறமை 1981 ஜூனில், ஸ்பெயினின் ஹராமாவில் தெரிந்தது. அந்த ஆண்டுப் பெராரிக்கு எஞ்சின் பலம் மிகுதி. வளைவில் திரும்பவோ மனமில்லாத கார். பின்னால் அதைவிட நன்றாகத் திரும்பும் நான்கு கார்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. சுற்றுச் சுற்றாக ஒரு பிழையும் விடாமல் அவற்றை மறித்து ஓடி வென்றார். முதல் ஐந்து கார்களும் 1.24 வினாடிக்குள் கோட்டைக் கடந்தன. அது அவருடைய ஆறாவது வெற்றி. கடைசி வெற்றியும் அதுதான்.

அவர் உடம்பால் செய்ததை இன்று எங்கள் கார்களில் கணினி செய்கிறது. ஒவ்வொரு சில்லின் வேகத்தையும், ஸ்ரியறிங் திரும்பிய கோணத்தையும், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் உணரிகள் இடைவிடாமல் அதற்கு அறிவிக்கும். காரின் பின்பக்கம் வீசுப்பட்டால், வெளிப்பக்க முன்சில்லில் பிறேக் விழும். முன்பக்கம் திரும்பாமல் நேரே இழுபட்டால், உட்பக்கப் பின்சில்லில் விழும். எஞ்சினின் விசையும் குறையும். பொஷ் நிறுவனம் செய்த இந்த ஏற்பாடு 1995இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. 2011 செப்ரெம்பர் 1 முதல் கனடாவில் விற்பனைக்குச் செய்யப்படும் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். பெராரியே 2013இல், 458 ஸ்பெசியாலே காரில், சறுக்கும் கோணத்தைக் கணக்கிட்டுச் சாதாரண சாரதியையும் அளவோடு சறுக்கவிடும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. வில்னேவ் பல குளிர்காலம் விழுந்தெழும்பிப் படித்த பாடம், காசுக்கு வாங்கும் பொருளாகிவிட்டது. ஃபோர்முலா வண் கார்களில் இன்றும் இந்த உதவி கிடையாது, விதி தடுக்கிறது.

ஆனால் கணினி பிடிமானத்தைப் புதிதாக உண்டாக்காது. ரயருக்கும் வீதிக்கும் இடையில் இருக்கிற பிடிமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். மார்கழிப் பனியில் கோடை ரயரோடு ஓடும் 400 குதிரைவலுக் காருக்குப் பங்கிட அதிகம் இருக்காது. பொத்தானை நிறுத்திவிட்டால் அந்தப் பங்கீடும் இல்லை.

1982 ஏப்ரலில் இமோலாவில், சக அணிச் சாரதி பிரோனி கடைசிச் சுற்றில் தம்மை முந்தி வென்றதை வில்னேவ் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். மனம் ஆறவில்லை. இரண்டு கிழமை கழித்து, மே 8ஆம் திகதி, பெல்ஜியத்தின் சோல்டர் திடலில் தகுதிச் சுற்று. நேரத்தில் பிரோனி முன்னுக்கு நின்றார். முன்னால் மெதுவாக வந்த யோகன் மாஸ் வழிவிடுவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினார். அதே கணத்தில் வில்னேவும் வலப்பக்கம் திருப்பினார். மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் சில்லோடு சில்லு ஏறியது. கார் காற்றில் எழும்பியது. தரையைத் தொடாத சில்லுக்கு மனிதக் கையும் உதவாது, கணினியும் உதவாது. அன்றிரவே இறந்தார். வயது 32.

மனைவி ஜோஆன் வழமையாகப் பந்தயங்களுக்குக் கூடவே போவார். அந்த வார இறுதியில் மகளுக்கு முதல்நன்மை. அதனால் மொனாக்கோவில் வீட்டில் நின்றார்.